கருப்பன் பாறையில் செருப்பு

அழகர்கோவில் பக்கத்து அந்த ஊருக்குக் கருப்பன் பாறைதான் சாமி. காலில் செருப்போடு யாரும் ஏறமாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து லீவில் வந்திருந்த தம்பி மகன் அருள்பாண்டி ஷூவோடு உச்சியில் நின்று செல்ஃபி எடுப்பதைக் கண்டதும் வெள்ளைத்துரைக்கு ரத்தம் கொதித்தது. மூச்சிரைக்க ஓடி ஏறி, சட்டையைக் கொத்தாகப் பிடித்து அறைந்தார்.

"அங்கன பாலைவனத்துல செவப்புப் பாறை பாக்கப் போனியே, அதுலயும் இப்படித்தான் ஏறுனியாடா?"

"இல்ல பெரியப்பா. அது அங்குள்ள பூர்வகுடிக சாமி. ஏறக் கூடாது."

"அப்ப இது எவன் சாமிடா?"

எட்டி உதைத்தார். கீழே விழுந்தவனைச் செருப்பைக் கழற்றி விளாசினார். உதடு கிழிந்து பாறையில் ரத்தம் தெறித்தது. மறுபடி ஓங்கியபோதுதான் பார்த்தார்: இன்னொரு செருப்பு அவர் காலிலேயே இருந்தது.