சுண்டுவிரல் பேஸ்

தீபலட்சுமிக்கு முதலில் அந்தச் சாய்கோட்டின் மேல்தான் கோபம் வந்தது. தாளில் சி என்று எழுதியிருந்தால் சி கார்ட் பிடிக்கலாம், ஜி என்றால் ஜி பிடிக்கலாம். நடுவில் ஒரு கோட்டை இழுத்து, மேலே ஜி, கீழே பி என்று எழுதிவைத்தால் மனுஷி எதைத்தான் பிடிப்பாள்?

"அது ஸ்லாஷ் கார்டும்மா. மேல இருக்கிறது கார்ட், சேத்துப் பிடிக்கிற சுரங்க. கீழ இருக்கிறது பேஸ், அடியில கனமா ஒலிக்கிற ஒத்தச் சுரம்" என்றார் விஜயராகவன். கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி அறையை வைத்துக்கொண்டு மெல்லிசைக் குழு நடத்துகிறவர். பாட்டு, கணக்கு வழக்கு, கோபித்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. தீபலட்சுமி கீபோர்டு, அவள் புருஷன் முகிலன் பேஸ் கிட்டார், இராமதாஸ் ரிதம் பேட். கல்யாண ரிசப்ஷன் என்றால் இந்த நால்வரும்தான்.

புதிதாக எடுத்த டூயட்டின் பல்லவியில் பேஸ் சி, பி, ஏ, ஜி என்று படிப்படியாக இறங்கும். முகிலன் அதை வாசிக்கும்போது பாட்டுக்கே ஒரு களை வந்துவிடும். அவன் வண்டி எடுக்கக் கீழே போயிருந்த நேரம் பார்த்துத்தான் விஜயராகவன் தாளை அவள் கையில் திணித்தார்.

"இப்ப மண்டபத்துல எல்லாம் சின்ன ஸ்டேஜா போடுறாங்க. உன் கீபோர்டே கார்டுக்குத் தக்க பேஸைத் தானா வாசிச்சுடுது. இந்தப் பாட்டு ஒன்னுதான் இடிக்குது. இத உன் இடது கையிலயே கொண்டாந்துட்டீன்னா, தை மாசத்துலேர்ந்து முகிலன் இல்லாமயே போய்க்கலாம். அவன்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன், நீ வாய விட்டுடாத."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே விளங்காது. மறுத்தால் தன்னையும் சேர்த்து அனுப்பிவிடுவாரோ என்ற பயம் கொஞ்சம். பெரியவர் பேச்சுக்குத் தலையாட்டியே வளர்ந்த பழக்கம் மீதி.

முகிலன் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். வாரம் முழுக்க ஐஸ்கட்டி தள்ளும் அந்த ஆள் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டுமென்றால், அவன் கிட்டார் மாட்டும்வரை காத்திருக்க வேண்டும். மேடை போனால் அவனுக்கு மிச்சம் ஐஸ்தான். இது தெரிந்தும் அவள் மத்தியானத்தில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள்.

மெஷின் அவளைவிடக் குழம்பிக் கிடந்தது. பி-யைச் சுண்டுவிரலால் அடியில் அழுத்தி, அதற்கு மேலே டி, ஜி என்று ஒழுங்காகத்தான் பிடித்தாள். திரையில் வெறும் ஜி. பேஸும் ஜி. சரி என்று சி கார்டை ஜி-யில் தொடங்கிப் பிடித்தால், பேஸ் திரும்பவும் சி-க்கு ஓடியது. இறங்க வேண்டியது அங்கும் இங்கும் தாவியது. தப்பு விரலிலா, தாளிலா, மெஷினிலா? ஒருவேளை தனக்கே மனசு இல்லாததால்தான் வரவில்லையோ என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதும் வீம்பு ஏறி இன்னும் அழுத்தி வாசித்தாள்.

ஒரு நாள் மெனுவுக்குள் எங்கெங்கோ போய் 'ஆன் பேஸ்' என்று ஒன்றைத் தட்டிவிட்டாள். பிறகு வாசித்தால் சி, பி, ஏ, ஜி. சுண்டுவிரல் போன இடத்துக்கெல்லாம் பேஸ் கூடவே வந்தது. ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! திரும்பத் திரும்ப வாசித்தாள். விரல் தானாகப் போகும்வரை வாசித்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகுதான் முகிலன் ஞாபகம் வந்தது. அவசரமாகப் பழைய மோடுக்கே மாற்றிவைத்தாள்.

"இன்னா மூஞ்சிய இப்படி வச்சினு இருக்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் முகிலன்.

"பேஸ் இறங்க மாட்டேங்குதுங்க."

"அத இறக்கத்தான் நான் இருக்கேன்ல? நீ ஏன் மண்டையப் போட்டு உடைச்சிக்கிற?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சாதம் போடப் போய்விட்டாள்.

அடுத்த ஒத்திகையில் விஜயராகவன், "முகிலா, இந்தப் பாட்டுக்கு நீ சும்மா இரு. தீபா தனியா வாசிக்கட்டும்" என்றார். அவன் பாவம், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தீபலட்சுமி பழைய மோடிலேயே வாசித்தாள். பேஸ் தாவியது.

"வரலண்ணே. இந்த மெஷின்ல அது வராது போல."

விஜயராகவன் உதட்டைப் பிதுக்கினார். "சரி, விடு." அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. நல்ல முடிவு எடுத்துவிட்டதாகவே நினைத்தாள்.

"இருங்கண்ணே" என்று முன்னால் வந்தான் முகிலன். "வீட்ல ஒரு வாரமா இதோட மல்லு கட்டினு இருக்கா. பாக்கவே கஷ்டமா போச்சு. ஐஸ் இறக்குற நேரத்துல போன்ல வீடியோ போட்டுப் பாத்தேன். ஒரே ஒரு செட்டிங்தான்." குனிந்து தட்டினான். "இப்ப சுண்டுவிரல் எங்கியோ, அங்கதான் பேஸ். வாசி தீபா."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? கையை வைத்தாள். வேண்டுமென்றே ஒரு விரலைத் தப்பவிட வேண்டும் என்பது அந்த நிமிஷம் மூளைக்கு எட்டவில்லை. பழகிய கை தானாகப் போயிற்று. சி, பி, ஏ, ஜி. துளி பிசகில்லை.

"பாத்தீங்களாண்ணே!" முகிலன் கைதட்டினான். வேறு யாரும் தட்டவில்லை. இராமதாஸ் குனிந்து பேடின் ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"முகிலா, கீழ வா. ஒரு டீ சாப்பிடலாம்" என்றார் விஜயராகவன்.

முகிலன் மட்டும் திரும்பி வந்தான். இராமதாஸும் அதற்குள் கிளம்பியிருந்தார். அவன் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, பையில் போட்டான்.

"இப்பதானே அந்த செட்டிங்க காமிச்சேன்" என்றான். "மொத தடவையே எப்படித் தப்பில்லாம வந்துச்சு?"

அவள் பாட்டுத் தாளை மடிக்க ஆரம்பித்தாள்.

"முன்னாடியே தெரியும் உனக்கு. அண்ணன் என்ன நிறுத்தப் போறதும் தெரியும். இதுக்குத்தான் ஒரு வாரமா பழகினியா தீபா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அன்று மத்தியானம் அவ்வளவு சந்தோஷப்பட்டது யார்? ஆமாம் என்று சொல்லலாமென்றால், மோடை மாற்றி ஒளித்துவைத்ததும் அவள்தானே?

"தெரியலங்க" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. சொல்லும்போதே அது பொய் மாதிரிதான் அவள் காதிலும் விழுந்தது.

முகிலன் கீபோர்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினான். கிட்டார் சுவரோரமாக அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னால் போவதா, அங்கேயே விட்டுவிடுவதா என்று புரியாமல் தீபலட்சுமி நின்றாள். கீழே அவன் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.