பதினோரு மணி நேரம்

ஒவ்வொருவரும் வகுப்பில் உட்கார்ந்த மொத்த மணி நேரத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியபோதுதான் அது என் கண்ணில் பட்டது. இரண்டு, ஐந்து, எட்டு என்று ஒழுங்கில்லாமல் வந்துகொண்டிருந்த எண்கள் ஓர் இடத்தில் நின்று, பதினொன்று, பதினொன்று, பதினொன்று என்று திரை முழுக்க இறங்கின. எண்ணினேன். முப்பத்தேழு பேர். பன்னிரண்டில் ஒருவர்கூட இல்லை. அடுத்த எண்ணே நாற்பதில்தான் தொடங்கியது. பார்க்கிற யாருக்கும், முப்பத்தேழு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே கட்டத்தில் எழுந்து போய்விட்டதாகத்தான் தோன்றும். அவர்களாக எழுந்து போகவில்லை. நான்தான் அனுப்பினேன். ஒவ்வொருவராக, வாசல் வரை கூடவே நடந்து, சிரித்த முகத்தோடு அனுப்பினேன்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான மாலை வகுப்பு எங்களுடையது. அங்கே நான் பதிவு எழுத்தர். பெயர், வயது, செய்யும் வேலை, வேலை முடியும் நேரம், வீடு எவ்வளவு தூரம் என்று சேரும் நாளிலேயே எல்லாவற்றையும் கேட்டுக் கணினியில் ஏற்றுவேன். பன்னிரண்டு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தவர்தான் மாணவர் என்று ஒரு விதி உண்டு. அதற்குக் குறைவாக வந்தவர் ‘விசாரிக்க வந்தவர்’. தேர்ச்சிக் கணக்கில் அவர் பெயர் வராது. ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களால் மையத்தின் பெயர் கெடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் யாரோ அந்த விதியை எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் அதைத் தலைகீழாகப் படித்தார். காலை வணக்கத்தைக்கூடத் தசமப் புள்ளியோடு சொல்லக்கூடிய மனிதர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். பத்தாவது மணி நேரத்தில் ஒரு சிறு தேர்வு நடக்கும். தேறமாட்டார்கள் என்று தோன்றும் பெயர்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு என் மேசையில் வைத்துவிடுவார். “நீங்க பக்குவமா பேசுவீங்க, உங்களாலதான் முடியும்” என்பார். அந்தப் பாராட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் நல்லவளாகிவிடுவேன்.

அந்த வட்டங்களில் ஒன்றுக்குள் மடிப்பு அக்கா இருந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். சேரும் நாளிலேயே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டாள். புது இயந்திரங்கள் வரப்போகின்றன, திரையில் வருவதைப் படித்துப் பொத்தானை அழுத்த வேண்டும், எழுதப் படிக்கத் தெரியும் என்று சான்றிதழ் காட்டுகிறவர்களுக்குத்தான் இனிமேல் அங்கே வேலை. “மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க டீச்சர்” என்றாள். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு அந்த மையத்தில் இருந்த எல்லோருமே டீச்சர்தான். கணவர் படுத்த படுக்கை. வீட்டில் உலை வைப்பது அவள் சம்பளத்தில்தான். அவளுக்கு வேலை ஆறு மணிக்கு முடியும். எங்கள் வகுப்பும் ஆறு மணிக்குத்தான் தொடங்கும். ஓட்டமும் நடையுமாக வந்து சேர ஆறே முக்கால் ஆகிவிடும். புது எழுத்துகளை ஆசிரியர் முதல் அரை மணி நேரத்திலேயே நடத்தி முடித்துவிடுவார். அப்புறம் எல்லோரும் எழுதிப் பழகுவார்கள். அவள் வந்து உட்கார்ந்து, நடத்தாத பாடத்தை எழுதிப் பழகுவாள். சிறு தேர்வில் இருபதுக்கு நான்கு வாங்கினாள்.

வேலை முடியும் நேரத்தை என் கையால்தான் பதிவு செய்திருந்தேன். அந்தக் கட்டத்தையும் அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? பார்க்கவில்லை. வாசலில் வைத்து, “இந்த பேட்ச் கொஞ்சம் வேகமா போகுதுக்கா. உங்களுக்கு ஏத்த மாதிரி புது பேட்ச் ஒண்ணு வரும். ஆரம்பிச்சதும் நானே கூப்பிடுறேன்” என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அதன் பிறகு நான்கு மாதம் ஓடிவிட்டது.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நம் வகுப்புகள் யாரை எட்டவில்லை என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு ஏற்றபடி எதையாவது மாற்ற முடியும், ஆகவே சேர்ந்துவிட்டு நின்றுபோனவர்களின் விவரத்தை வேலை வாரியாக, நேரம் வாரியாகப் பிரித்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக வந்தவர்களையும் விடாமல் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பத்து வருடமாக நான் குப்பை போலக் கொட்டி வைத்திருந்த விவரங்களை முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். அந்த உற்சாகத்தில்தான் அடுக்கிப் பார்க்க உட்கார்ந்தேன். முப்பத்தேழு பேரில் முப்பத்தொரு பேர் துப்புரவு, சலவை, வீட்டு வேலை செய்கிறவர்கள். அத்தனை பேருக்கும் வேலை முடிவது ஆறு மணிக்கோ அதற்குப் பிறகோதான். தாளில் எடுத்துக்கொண்டு போய்ச் சதவீதத்தின் முன்னால் வைத்தேன்.

“சார், இவங்க யாரும் மக்கு இல்ல. வகுப்ப ஏழு மணிக்கு வச்சிருந்தா பாதிப் பேர் தேறியிருப்பாங்க. இதை அப்படியே எழுதி அனுப்பிடலாம் சார்.”

அவர் தாளை வெகுநேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. முன்பு அவர் பார்த்துக்கொண்ட மையத்தைத் தேர்ச்சி குறைவு என்று சொல்லி இழுத்து மூடினார்கள். அந்த ஆசிரியர்களில் ஒருவர் இன்னும் வேலை கிடைக்காமல் இவருக்கு போன் செய்துகொண்டிருக்கிறார்.

“எழுதலாம்மா. எல்லாரும் எப்படி கரெக்டா பதினொண்ணுல நின்னாங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?” என்றார். “காரணம்னு ஒரு கட்டம் காலியா இருக்கு பாருங்க. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு அதை நிரப்புங்க. காரணம் இருந்துட்டா அது அவங்க பிரச்சனை. இல்லன்னாதான் நம்ம பிரச்சனை.”

நானும் கேட்கிறேன், என்ன சொல்லியிருப்பேன்? போய் உட்கார்ந்து எண்களை அழுத்தினேன். காரணத்துக்கு ஐந்து வாய்ப்புகள் இருந்தன. குடும்பம், வேலை, உடல்நலம், இடமாற்றம், ஆர்வமின்மை. அவற்றைத் தவிர வேறு எதையும் கணினி ஏற்காது. முதல் இரண்டு எண்களும் உபயோகத்தில் இல்லை. மூன்றாவதாக எடுத்தவர் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். நான்காவதாகப் பேசிய பெரியவர், “அங்க ஒரு அம்மா இருக்காங்க, அவ்வளவு தன்மையா பேசுவாங்க, அவங்க சௌக்கியமா?” என்று என்னிடமே என்னை விசாரித்தார். சௌக்கியம் என்றேன். ஐந்தாவது மடிப்பு அக்கா. மணி ஒருமுறைகூட முழுசாக அடிக்கவில்லை.

“டீச்சர்! ஆரம்பிச்சிட்டாங்களா?”

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. “நான்தான்னு எப்படிக்கா தெரிஞ்சுது?”

“உங்க நம்பரப் பேர் போட்டு வச்சிருக்கேன்ல. ‘பள்ளி’ன்னு. நானே எழுதினது டீச்சர். ‘கூடம்’ எனக்கு வரல, அதான் பள்ளியோட விட்டுட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “நடுவுல ஒரு தடவை வந்து கேக்கலாமான்னு இருந்துச்சு. கூப்பிடுறேன்னு சொன்னவங்களப் போய் நச்சரிக்கக் கூடாதேன்னு வரல.”

மருத்துவமனையைப் பற்றிக் கேட்காமல் வைத்துவிடத்தான் நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

“அது போயிடுச்சு டீச்சர், போன மாசம். மிஷினு வந்திருச்சு. சான்றிதழ் எங்கன்னாங்க. வகுப்புல சேர்ந்திருக்கேன், கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். ரெண்டு வாரம் பொறுத்தாங்க. அவங்களும் எத்தனை நாளுதான் பொறுப்பாங்க, சொல்லுங்க.” என்றாள். “ஒரு விதத்துல நல்லதுதான். இனிமே லேட்டா வரவேண்டியதில்ல பாருங்க. ஆறு மணிக்கு டாண்ணு வந்துடுவேன். எப்ப வரட்டும்?”

யாரையும் கேட்காமல், “நாளைக்கு வாங்கக்கா” என்றேன். போனை வைத்த பிறகு அவள் வரிசையைக் காலியாக விட்டுப் பார்த்தேன். வரிசை சிவப்பாகி, அனுப்பும் பொத்தான் வேலை செய்யவில்லை. நான்கு மாதத்துக்கு முன்பு நான் சொன்ன பொய்யை எழுத அந்த ஐந்தில் இடம் இல்லை. சதவீதம் இரண்டு முறை கதவு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ‘வேலை’ என்று போட்டேன். எடுக்காதவர்களுக்கும் பேசாதவர்களுக்கும் மாற்றி மாற்றி எதையோ போட்டேன். நான்கு மணிக்கு முன்னால் முப்பத்தேழு வரிசையும் பச்சையாகிவிட்டது. அனுப்பியும் விட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மையத்தைத் திறக்கப் போனபோது வெளித் தாழ்வாரத்தில் மடிப்பு அக்கா நின்றுகொண்டிருந்தாள். தலை வாரி, வெளுத்த சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தாள். இளைத்திருந்தாள்.

“வகுப்பு சாயங்காலம்தானேக்கா?”

“தெரியும் டீச்சர். வீட்ல அவரு முகத்தையே பாத்துக்கிட்டு இருக்க முடியல. நான் பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துக்கிறேன். நீங்க வேலையப் பாருங்க.”

பூட்டில் சாவியை நுழைத்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரில் சதவீதம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த தேர்ச்சி அறிக்கையின் முன்னால் நின்று, விரலை வைத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். நூ, று. பே, ரில். எண்களைப் படிக்க அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தேர்ச்சி என்ற சொல்லில் திணறி, இரண்டு முறை பின்னால் போய், பிடித்துவிட்டாள். பிடித்த சந்தோஷத்தில் முகம் மலர்ந்தது.

“நூறு பேருல தொண்ணூத்தி நாலு பேரு பாஸா டீச்சர்?”

“ஆமாக்கா.”

விரலை நகர்த்தி அந்த எண்ணின் மேல் வைத்தாள்.

“அப்ப மீதி ஆறு பேரு?” என்றாள். “பாவம். அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?”

அந்த ஆறு பேரில்கூட அவள் பெயர் இல்லை. நான் சாவியைத் திருப்பினேன். அவள் விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது.