பார்க்கலாம், எழுத முடியாது

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சாரங்கி மடிக்கணினியைத் திறந்தபோது, கட்டுரை எழுதும் மென்பொருளின் இலவசத் தவணை முடிந்துவிட்டதாகத் திரையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. இனிமேல் கோப்புகளைப் பார்க்கலாம், எழுத முடியாது. எழுத வேண்டுமென்றால் வாங்க வேண்டும். அறிவிப்பை மூடினாள். கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே அறிவிப்பு.

அது 2009. டென்மார்க்கின் ரண்டர்ஸில் தாதியர் படிப்பில் அவளுக்கு இரண்டாம் வருடம். படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குப் புண் வராமல் பார்ப்பது பற்றி எமிலியா என்ற டெனிஷ் மாணவியோடு சேர்ந்து ஓர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். பாதிகூட முடியவில்லை. அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் எந்த வேலையும் முடிவதாக இல்லை.

அப்பா நவரத்தினத்தின் ஒரே தங்கை தங்கமலர் மாமி, இரண்டு மகன்களோடு இலங்கையில் வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். பனிக்காலத்தில் புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒருமுறை பேசியதுதான் கடைசி. அதன் பிறகு எந்த எண்ணுக்கு எடுத்தாலும் மணி அடிக்கவில்லை. வரவேற்பறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வரும் அம்மா தவமலர், கோட்டைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றுவிடுவார். அப்பா தொலைபேசிக்கும் யன்னலுக்குமாக நடப்பார். சமைத்த சோறு ஆறிக் கிடக்கும்.

சாரங்கி கணினியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த அப்பா என்னவென்று கேட்டார். சொன்னாள். அவர் உடனே யக்கெற்றை எடுத்தார். கடை திறந்திருக்கும், வெளிக்கிடு, வாங்கிக்கொண்டு வருவம் என்றார். கன நாட்களுக்குப் பிறகு அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது. சும்மா கிடைக்கிற ஒன்றும் இருக்கிறது, வகுப்பில் சிலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சும்மா கிடைக்கிற சாமானை நம்பிப் படிப்பை விடக்கூடாது என்று அவர் காரை எடுத்துவிட்டார்.

கடையில் சனம் நெருக்கியது. கோடைகாலம் வரப்போகிறதென்று ஆட்கள் கமெராவும் தோட்டத்துக்கு வானொலியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாணவர்களுக்கு விலை குறைத்த மென்பொருள் பெட்டி தனித் தட்டில் இருந்தது. அப்பா அதை எடுத்து, பின்பக்கத்தில் எழுதியிருந்ததையெல்லாம் கண்ணாடி போட்டு வாசித்து, காசு கட்டும் வரிசையில் போய் நின்றார். சாரங்கி பக்கத்தில் நின்றாள். முன்னால் ஒரு பெண் இரண்டு சின்னக் குழந்தைகளோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சாரங்கிக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை வேர்த்தது. ஏனென்று தெரியாமலே அப்பாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கி, கொண்டுபோய்த் தட்டில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

அப்பா காருக்குள் ஏறியும் சாவியைத் திருப்பவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். அவள் முதலில் டெனிஷில், ஒன்றுமில்லை, இலவசமே போதும் என்றாள். பிறகு அவள் தமிழில் சொன்னாள்.

"மாமியாக்கள் அங்க தண்ணி இல்லாமக் கிடக்கினம். நான் இஞ்ச வரிசையில நிண்டு சாமான் வாங்கிறன். என்னால ஏலாது அப்பா."

அவர் கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒண்டும் என்னால செய்ய ஏலாமக் கிடக்கு," என்றார். "எடுக்கிற நம்பர் ஒண்டும் வேலை செய்யுதில்லை. இஞ்ச உனக்கு ஒண்டைச் செய்வம் எண்டு பாத்தன். அதையும் வேண்டாம் எண்டுறாய்."

அவர் சாவியைத் திருப்பினார்.

அன்று பின்னேரமே அவள் இலவச மென்பொருளை இறக்கினாள். பொத்தான்கள் வேறு வேறு இடத்தில் இருந்தன. தேடித் தேடி எழுதினாள். பழைய கோப்பு திறந்தது. இரண்டு பக்கம் எழுதினாள், எழுந்துபோய்த் தொலைக்காட்சியைப் பார்த்தாள், வந்து அரைப் பக்கத்தை அழித்தாள். எப்படியோ ஒரு பகுதியை முடித்து எமிலியாவுக்கு அனுப்பினாள்.

திங்கட்கிழமை கல்லூரியில் எமிலியா தன் கணினியைத் திருப்பிக் காட்டினாள். அவளிடம் இருந்தது காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். அதில் சாரங்கியின் பக்கங்கள் குலைந்து கிடந்தன. புண்ணின் நிலைகளைக் காட்டும் அட்டவணை பாதி அடுத்த பக்கத்தில் விழுந்திருந்தது. எமிலியா ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகளில் சில காணாமலே போயிருந்தன. ஒருநாள் முழுக்க எழுதியவை.

எமிலியா கோபப்படவில்லை. மாணவர் விலைக்குத்தானே கொடுக்கிறார்கள், வாங்கிவிட்டால் இருவருக்கும் வேலை மிச்சம் என்றாள். வேண்டுமென்றால் தானே வாங்கித் தருகிறேன், காசைப் பிறகு தரலாம் என்றும் சொன்னாள். சாரங்கிக்கு முகம் சுட்டது. காசு இல்லாத குறை என்று இவள் நினைக்கிறாள். அப்படியே நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அட்டவணையைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. அட்டவணைக்கு யாராவது அழுவார்களா? எமிலியா பயந்துபோய் அவளைச் சிற்றுண்டிச்சாலையின் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே வைத்துச் சாரங்கி எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருடமாகப் பக்கத்துக் கதிரையில் இருந்தவளுக்கு அவள் அதுவரை சொன்னதே இல்லை. மாமி, மகன்மார், கடற்கரையோரம் நெருக்கி வைக்கப்பட்ட சனம், எடுக்கப்படாத தொலைபேசி, கடையில் நடந்தது. எமிலியா செய்திகளில் ஏதோ பார்த்ததாகச் சொன்னாள். அது சாரங்கியின் ஆட்களைப் பற்றியது என்று தோன்றவில்லை என்றும் உள்ளபடியே சொன்னாள். பிறகு தன் கணினியை இழுத்து, "அந்த இலவசத்தை எங்கே எடுத்தாய்? காட்டு," என்றாள்.

"உனக்குத்தான் மற்றது இருக்கிறதே."

"இருக்கட்டும். இரண்டு பேரும் ஒன்றிலேயே எழுதினால் அட்டவணை குலையாதுதானே?"

குலையவில்லை. குறிப்புகளும் போகவில்லை. முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் எதில் எழுதியதென்று ஆசிரியர் கேட்கப் போவதில்லை. எமிலியா பொத்தான்கள் பிடிபடாமல் முணுமுணுத்தாள், ஆனால் பழையதற்குத் திரும்பிப் போகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் எமிலியாவின் அறையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். சண்டை முடிஞ்சிட்டுதாம் என்றார். சாரங்கி பாதி வசனத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். வெளியே நல்ல வெயில். ஆற்றங்கரையில் ஆட்கள் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இறங்குவதற்கு முன்னமே எழுந்து கதவடியில் நின்றாள். வீட்டில் அப்பா தொலைக்காட்சியை நிறுத்தியிருந்தார். அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது. முடிந்தது என்றால் மாமிக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா எழுந்தார், இருந்தார், மறுபடி எழுந்து அதே எண்களை அழுத்தத் தொடங்கினார்.

அறிக்கையை நேரத்துக்குக் கொடுத்தார்கள். சாரங்கியின் கடைசிப் பகுதியை எமிலியாதான் எழுதி முடித்தாள். இருவருக்கும் நல்ல புள்ளி வந்தது. சாரங்கி அதை வீட்டில் சொல்ல மறந்துபோனாள்.

யூன் மாதத்தில், பகல் வேளையில், அப்பாவின் கைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வவுனியா அகதி முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் தொலைபேசியில் மாமி. அப்பா குனிந்து ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு பிள்ளை, சொல்லு," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மாமியும் இளைய மகனும் உயிரோடு இருக்கிறார்கள். மூத்தவன் துஷ்யந்தனை இராணுவம் விசாரிக்கவென்று பிரித்துக்கொண்டு போனது, பிறகு தகவல் இல்லை. சாரங்கியிடம் கைபேசி வந்தபோது மாமி மெலிந்த குரலில், "படிக்கிறியா, அம்மா?" என்று கேட்டார். ஓம் மாமி என்றாள். அதற்குள் தொடர்பு அறுந்தது.

இலையுதிர்காலத்தில் புதிய குழு அமைந்தது. எமிலியா வேறு குழுவுக்குப் போய்விட்டாள். மற்ற நால்வரும் காசு கொடுத்த மென்பொருள்தான் வைத்திருந்தார்கள், ஒருத்திக்காக நாலு பேரை மாறச் சொல்ல முடியாது. சாரங்கி இணையத்தில் மாணவர் விலைக்கே வாங்கினாள். நெஞ்சு அடிக்கவில்லை, கை வேர்க்கவில்லை. பால் வாங்குவதுபோல் வாங்கி முடித்தாள். அப்படி வாங்க முடிந்ததுதான் பிறகு அவளை அலைக்கழித்தது. துஷ்யந்தன் எங்கே என்று இன்னும் தெரியாது, மாமி இன்னும் கம்பி வேலிக்குள்தான் இருந்தார்.

அப்பா பின்னால் வந்து திரையைப் பார்த்தார்.

"வாங்கிட்டியோ?"

"ஓம் அப்பா."

"நல்லது," என்றார். பிறகு, வவுனியாவுக்கு ஒருக்கா எடுத்துப் பார்ப்பம் என்று சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார். எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. சாரங்கி எழுதுவதை நிறுத்திவிட்டு, மணி அடிக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.