எல்லா மணியும் ஆன வீடு

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரேடியோ மெக்கானிக்கின் கடையில் கிடைத்தது. என் மின்விசிறிக்காகக் காத்திருந்தபோது, அவர் போனில் யாரிடமோ ஒரு சிப்புக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எதிர்முனை வைத்துவிட்டது. அவர் முகம் சுண்டிப்போனது. அதை நான் பார்த்திருக்கவே கூடாது. மூன்று வாரமாக இதை எழுத மண்டை காய்கிறது.

முதல் வரி: ‘கண்ணாடிக் குழாயின் ஆரஞ்சு வெளிச்சத்தில் காலம்...’ (ச்சே. அடித்துவிட்டேன்.)

2

நேராகவே சொல்கிறேன். மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்காரர் நினைவு தடுமாறியவர். இளவயதில் தன் கையால் செய்த கடிகாரத்தை மட்டும்தான் நம்புவார். அதில் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து எண்கள் கம்பியாக அடுக்கியிருக்கும். எந்த எண் எரியவேண்டும் என்று பார்த்துக்கொள்வது சிப். மணிக் குழாயின் சிப் செத்துவிட்டது. எட்டு எரிந்தால்தான் இதய மாத்திரை உள்ளே போகும்.

(முதலில் வலிப்பு மாத்திரை என்று எழுதியிருந்தேன். எதுவானாலும் தவறவிடக் கூடாதது.)

3

அந்தச் சிப்பை இப்போது யாரும் செய்வதில்லை. மெக்கானிக் அவசரத்தில், அதே அளவும் அதே கால்களும் உள்ள சாதாரணச் சிப்பை மாட்டினார். குழாயின் உயர்ந்த மின்னழுத்தத்தை அது தாங்காது. பத்து எண்களும் ஒன்றாக எரிந்தன.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாத்திரை டப்பாவை மடியில் கவிழ்த்தார்.

“எல்லா மணியும் ஆயிடுச்சே. எல்லாத்தையும் போட்டுடட்டுமா?”

அக்கா பாய்ந்து பிடுங்கினாள். தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தம்பிக்குத் தாங்கவில்லை.

4

அலையாய் அலைந்து, கடைசியில் தபாலில் பத்துச் சிப் வந்தது. மெக்கானிக் ஒவ்வொன்றின் மேலிருந்த எழுத்தையும் தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்தார். ஒன்பதில் எழுத்து அழிந்தது: பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்த போலிகள். பத்தாவதில் அழியவில்லை. அதனாலேயே அது அசல் என்றும் ஆகிவிடாது.

(எழுதுகிற உனக்கே தெரியாதா என்று கேட்காதீர்கள். சத்தியமாகத் தெரியாது.)

5

முடிவு ஒன்று: எட்டு எரிகிறது. எழுதிப் பார்த்தேன், அக்காவின் ஆறுதலுக்காக நான் புளுகுவது அப்பட்டமாகத் தெரிந்தது.

முடிவு இரண்டு: மறுபடி பத்தும் எரிகின்றன, அக்கா அடுப்படியில் இருக்கிறாள், டப்பா மாமாவின் கைக்கு எட்டுகிற... வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது சிப்பை மாட்டியாகிவிட்டது. மெக்கானிக்கின் விரல் சுவிட்சில்.

“போடட்டுமாக்கா?”

“இருடா. மறுபடி அப்படியே எரிஞ்சா அவருகிட்ட நான் என்ன சொல்றது? அதை முதல்ல சொல்லு.”

அவர் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார். இதற்குள் மணி எட்டாகிவிட்டது. வேறு வழியில்லாமல் கதைக்குள் நானே போய், “மாமா, எட்டாச்சு, மாத்திரையைப் போட்டுக்குங்க” என்றேன்.

“நீ யாருப்பா?” என்றார்.

எட்டாச்சென்று நீங்கள் ஒருமுறை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.