வலது கைக் கட்டு

“ஃபைலை எடுத்துக் காட்டுங்க சார்.”

கேட்டே விட்டாள். எதை மட்டும் கேட்கக் கூடாது என்று அம்மா காலையிலிருந்து மூன்று தரம் சொல்லியிருந்தாளோ, அதையேதான் கேட்டாள். வீட்டைப் பூட்டும்போது ஒரு தரம், பஸ்ஸில் ஒரு தரம், நகராட்சி அலுவலகத்தின் முதல் படியில் கால் வைக்கும்போது ஒரு தரம் அம்மா சொல்லியிருந்தாள்: “என்ன வேணா பேசு. ஃபைலைக் காட்டுன்னு மட்டும் கேட்டுடாத. கோவிச்சுக்குவாங்க.”

கோபித்துக்கொள்ளட்டும் என்றுதான் மகள் வந்திருந்தாள். குடும்பத்தில் காலேஜ் படி ஏறி இறங்கிய முதல் ஆள் அவள். கவுண்டருக்கு முன்னால் நின்றதும் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிற சித்தப்பாக்களையும் மாமாக்களையும் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவள். நாலு வாரமாக அம்மாவை இழுத்தடிக்கிறார்கள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, இஸ்திரி வண்டி நிறுத்தும் இடத்துக்கான லைசன்ஸ். வங்கியின் பின்சுவர் ஓரமாக ஆறடிக்கு நாலடி. பதினெட்டு வருஷமாக அம்மா நிற்கிற இடம், கடைசி எட்டு வருஷம் லைசன்ஸோடு. புதுப்பிக்க நாளையோடு கெடு. தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அடுத்த ஆள் செல்போன் உறை விற்கிறவன். போன வாரமே வந்து, அம்மா நிற்கும்போதே காலடியால் இடத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனான்.

கவுண்டருக்கு உள்ளே இருந்தவரை வரிசையில் நிற்பவர்கள் ரெண்டு கண்ணாடிக்காரர் என்பார்கள். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று. தூரத்தில் பார்க்க ஒன்று, படிக்க ஒன்று என்று இரண்டையும் மாற்றி மாற்றி இறக்குவார்.

“எந்த ஃபைலும்மா?”

“எங்கம்மா ஃபைல். இஸ்திரி வண்டி. நாலு தடவை வந்திருக்காங்க. நாலு தடவையும் அப்புறம் வான்னு அனுப்பியிருக்கீங்க. என்ன எதிர்பார்க்கறீங்கன்னு நேராச் சொல்லிடுங்க.”

வரிசை சட்டென்று அடங்கியது. அவளுக்குப் பின்னால் நாய் லைசன்ஸுக்காக நாயின் போட்டோவோடு நின்றவர், “இந்தப் பொண்ணு நமக்கும் சேர்த்துக் கேக்குது, விடுங்க” என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். அது அவள் காதில் விழுந்தது. இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்து நின்றாள்.

சுவரோர பெஞ்சிலிருந்து அம்மா எழுந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெள்ளைத் துணிக் கட்டு. இஸ்திரிப் பெட்டி சுட்டதாகச் சொல்லி நாலு வாரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“விடுடி. அவர் நல்ல மனுஷர். நான் இன்னொரு நாள் வந்து பார்த்துக்கறேன்.”

“இன்னொரு நாள் வந்தா இடம் இருக்காதும்மா. நீ உக்காரு.”

ரெண்டு கண்ணாடிக்காரர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். “காட்டவாம்மா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவங்களை ஏன் கேக்கறீங்க? கேட்டது நான். எனக்குக் காட்டுங்க.”

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார். பீரோவில் துழாவி, நாடா கட்டிய ஒரு ஃபைலோடு வந்தார். நாடாவை அவிழ்த்து, பழுத்துப்போன ஒரு விண்ணப்பத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

அம்மாவின் பெயர். சாய்வாக எழுதியிருந்தது. முதல் எழுத்துக்கு யானைத் துதிக்கை போல ஒரு சுழி, பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் ரெண்டு புள்ளி.

அது ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் போடும் சுழி. நோட்டின் கடைசிப் பக்கங்களில் வாரக்கணக்காகப் போட்டுப் பார்த்துப் பழகியது யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா வந்தாள். டீச்சர், மேஜையிலிருந்து மை டப்பாவை எடுத்து, மொத்த வகுப்பும் பார்க்க, அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து உருட்டி எடுத்தாள். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் அவளுக்கு மை டப்பா என்றுதான் பெயர். மறு பரீட்சையிலிருந்து அட்டை வீட்டுக்கே போகவில்லை. கையெழுத்தை அவளே போட்டுக்கொண்டாள்.

பதினாலு வயதில் இந்த விண்ணப்பம் வந்தது. அவள்தான் நிரப்பினாள். அம்மா கட்டைவிரலைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்து, “எங்கடி வைக்கணும்?” என்றாள்.

“எங்கயும் வைக்க வேணாம். நானே போட்டுட்டேன்.”

“நீ போட்டா செல்லுமா?”

“எல்லாம் செல்லும்.”

படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அம்மா ஈர விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். விண்ணப்பத்தைக் கொண்டுபோய் அலுவலக வாசலில் இருந்த பெட்டியில் போட்டதும் அவள்தான். அன்றைக்கு யாரும் நேரில் பார்த்துக் கேட்கவில்லை.

“இந்த வருஷத்துலேருந்து புது விதி” என்றார் ரெண்டு கண்ணாடிக்காரர். குரலை வரிசைக்குக் கேட்காத அளவு தாழ்த்தியிருந்தார். “எங்க கண்ணு முன்னாடி கையெழுத்துப் போடணும். பழசோட ஒத்துப் போகணும். லைசன்ஸ் ஒருத்தங்க பேர்ல இருக்கு, நிக்கறது வேற ஆளுன்னு ஒரு புகார் வேற வந்திருக்கு. உங்கம்மா கையில தீக்காயம்னாங்க. சரி, ஆறட்டும்னேன். நாலு வாரமா ஆறல. டாக்டர் லெட்டர் கொண்டாங்க, ரேகை வாங்கிக்கறேன்னேன். டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்ப்பாரே, அதுக்கும் ஒத்துக்கல.”

மகள் மெல்லத் திரும்பி அந்தக் கட்டைப் பார்த்தாள். முதல் வாரமே மருந்து வாங்கி வந்து, பிரித்துக் காட்டு என்று நின்றாள். அம்மா தொட விடவில்லை. நகராட்சி ஆட்கள் போய் வரும் வழி என்பதால் வண்டியிலும் கட்டை அவிழ்க்காமல், பழக்கமில்லாத இடது கையால் இஸ்திரி போட்டாள். ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் காலரைப் பொசுக்கினாள். அவன் தெருவில் நின்று கத்தினான். வீட்டுக்கு வந்ததும் மகளும் கத்தினாள்: “ஒரு மாசம் சும்மா இருக்க முடியாதா உனக்கு?” அம்மாவின் இடது மணிக்கட்டில் நிஜமாகவே ஒரு சூடு பட்டுத் தோல் உரிந்திருந்தது. அதற்குக் கட்டு இல்லை. இன்றுவரை அதை யாரும் கேட்கவும் இல்லை.

பெஞ்சுக்கு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அவிழ்.”

“வேணாம்டி.”

“அவிழ்மா.”

மகளே முடிச்சைப் பிரித்தாள். துணி சுற்றுச் சுற்றாக வந்தது. உள்ளே கை நன்றாக இருந்தது. நாலு வாரம் வெளிச்சம் படாமல் வெளுத்து, வேர்வையில் ஊறிச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு கீறல் இல்லை.

“உனக்கு வேலை ஆர்டர் வர்ற நேரம்” என்றாள் அம்மா, உதடு அசையாமல். “எம் பொண்ணு போட்ட கையெழுத்துன்னு நான் எந்த வாயால சொல்வேன்? எப்படியாவது சமாளிச்சிருப்பேன். அதான் அதை மட்டும் கேக்காதன்னேன்.”

அரசாங்கத் தேர்வில் தேறி, ஆர்டருக்காகக் காத்திருந்தாள் மகள். தோள்பையில் சரிபார்ப்பு ஃபாரம் இருந்தது. அரசு ஆவணத்தில் எப்போதாவது பொய்யான விவரமோ கையெழுத்தோ கொடுத்ததுண்டா என்று பதினோராவது கேள்வி. நேற்றுத்தான் பேனாவை அழுத்தி, ‘இல்லை’ என்பதற்கு நேரே டிக் அடித்தாள். கொஞ்சம் பெருமையோடு அடித்ததாகக்கூட ஞாபகம்.

லஞ்சத்துக்கு இழுத்தடிக்கிறான் என்று நாலு பேர் முன்னால் அவள் கேவலப்படுத்திய ஆள், நாலு வாரமாக அந்த ஃபைலை மூடி வைத்திருந்திருக்கிறார்.

கவுண்டருக்குத் திரும்பி வந்தாள். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?”

“ரெண்டு கண்ணாடி போட்டிருக்கேன். சின்னப் புள்ள போட்ட கையெழுத்து எதுன்னு தெரியாதா?” ஃபைலை மூடப்போனார். “யாரு போட்டாங்கன்னு நான் கேக்கல. போட்டவங்க எழுதிக் குடுத்தா, உங்கம்மாகிட்ட ரேகை வாங்கிட்டு இன்னைக்கே புதுப்பிச்சிடலாம். ஆனா அந்தக் காகிதம் ஃபைல்லயே கிடக்கும். யாரு வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டியாகணும். இல்லேன்னா இடத்தை விட்டுடுங்க. உனக்குத்தான் வேலை வருதாமே. இனிமேலும் அவங்க எதுக்கு வெயில்ல நிக்கணும்?”

இதை அவள் நினைக்காமல் இல்லை. வேலை வந்ததும் வண்டியை விற்றுவிடு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அம்மாவின் கால் வலிக்காகச் சொல்வதாகத்தான் அவளே நம்பிக்கொண்டிருந்தாள். புது ஆபீஸில் யாராவது உங்கம்மா என்ன செய்யறாங்க என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டுமே என்பதும் அதில் இருந்தது. இப்போது அது அப்பட்டமாகத் தெரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விரலை மறைத்தாள். இப்போது மொத்த ஆளையும் மறைக்கப் பார்க்கிறாள்.

“ஒரு வெள்ளைத்தாள் குடுங்க சார்.”

“ஏய்” என்றாள் பெஞ்சிலிருந்து அம்மா.

நின்றபடியே, கவுண்டர் பலகையில் வைத்து எழுதினாள். பத்து வரிகூட இல்லை. வழக்கமாக அச்சு மாதிரி எழுதுகிறவள். அன்றைக்கு எழுத்து கோணல் மாணலாக விழுந்தது. எழுதி நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. மை டப்பாவைத் திறந்து வைத்தார். “அவங்களும் இதுல ரேகை வைக்கணும். ரேகை வைக்கற காகிதத்தை முழுசாப் படிச்சுக் காட்டிட்டுத்தான் வாங்கணும், அது விதி. எழுதினவங்களே படிக்கணும். ரெண்டு சாட்சி காதுல விழணும்.” வரிசையைப் பார்த்தார். நாய் லைசன்ஸ்காரரும் இன்னொருவரும் முன்னால் வந்தார்கள்.

அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

“எட்டு வருடங்களுக்கு முன் இந்த விண்ணப்பத்தில் உள்ள கையெழுத்தைப் போட்டவள் நான்” என்று படித்தாள். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. “அப்போது என் வயது பதினான்கு. இது என் அம்மாவுக்கு உரிய லைசன்ஸ். அந்த இடத்தில் வேலை செய்பவரும் அவரே. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.”

நிறுத்தினாள்.

“காரணம் எழுதியிருக்கியா?” என்றார் ரெண்டு கண்ணாடிக்காரர். “காரணம் இல்லாம மேல ஏத்துக்க மாட்டாங்க.”

“இருக்கு.” அடுத்த வரிக்கு வந்தாள். “அவர் கட்டைவிரல் ரேகை வைப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்…”

“அந்த வரி வேணாம்டி” என்றாள் அம்மா சட்டென்று. “அதை அடிச்சுடச் சொல்லுங்க சார். அது எனக்கு அன்னைக்கே தெரியும். இவங்க எல்லாருக்கும் எதுக்குத் தெரியணும்?”

நாய் லைசன்ஸ்காரர் கையிலிருந்த போட்டோவைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதனால், அவரிடம் கேட்காமல் நானே போட்டேன்” என்று மகள் மீதியைப் படித்து முடித்தாள். எதையும் அடிக்கவில்லை.

அம்மா விரலை வைத்தாள். வெளுத்த கட்டைவிரலில் மை பளிச்சென்று ஏறியது. பழைய வழக்கப்படி, எடுத்த உடனே விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். அதைப் பார்த்த மகளுக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. எத்தனை வருஷமாக இப்படி மடக்குகிறாள்? ஆறாம் வகுப்பு வாசலிலும் இப்படித்தான் மடக்கிக்கொண்டு போயிருப்பாள். அன்றைக்கு மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். ரெண்டு கண்ணாடிக்காரர் படிக்கிற கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, வரவுப் பதிவேட்டைத் திறந்தார். பேனா நிப்பு தாளுக்கு மேலே நின்றது.

“நம்பர் போட்டுட்டா திருப்பித் தர முடியாதும்மா. நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் கெடு இருக்கு. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வேணா வாயேன்.”

“போட்டுடுங்க. பெற்றுக்கொண்டோம்னு சீல் வெச்ச நகல் ஒண்ணும் வேணும்.” கொஞ்சம் தயங்கினாள். “முதல்ல அப்படிப் பேசினது தப்பு சார்.”

“உங்கம்மாவைத்தான் நாலு தடவை அலைய விட்டேன். அவங்க ஒரு வார்த்தை பேசல.” நம்பர் போட்டார். சீல் வைத்தார்.

நகலை வாங்கிப் பையில் வைக்கும்போது சரிபார்ப்பு ஃபாரம் கையில் தட்டுப்பட்டது. பதினோராவது கேள்விக்குப் பேனாவால் அடித்த டிக். அழித்துத் திருத்தினால் செல்லாது.

“லைசன்ஸ் குடுப்பாங்க, வாங்கிக்கிட்டு வா” என்றாள் அம்மாவிடம்.

“நீ எங்கடி போற?”

“கீழ கடையில ஃபாரம் விக்கறாங்க. புதுசா ஒண்ணு வாங்கணும்.”

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மடக்கிய விரலோடு அவள் கையைப் பிடிக்க வந்தாள். மகள் அதற்குள் வரிசையைத் தாண்டி, கதவைத் தாண்டி, படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.