எட்டு பவுண்டு நரம்பு

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் வருடக்கணக்கில் ஊறிக் கிடக்கவில்லை. நாளை காலை படகில் ஏற்ற வேண்டிய தூண்டில் ராடுகளைத் தேர்ந்தெடுக்கப் பயந்து, அந்த வேலையைத் தள்ளிப்போட இன்னொரு வேலை வேண்டுமென்று எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்திருப்பது துணி துவைக்கும் அறையின் தரையில், வாஷிங் மெஷினில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. மெஷினுக்குப் பின்னால் ஒரு ராடு ஒளிந்திருக்கிறது. ஒளித்து வைத்தது நான்தான். ஆகவே இதை மர்மக் கதையாக்கவும் வழியில்லை.

வீடு தூங்கிவிட்டது. உங்களை மட்டும் எழுப்பி வைத்துக்கொண்டு புலம்புகிறேன், மன்னியுங்கள்.

என் பெயர் ட்வைலா ரட்லெஜ். வயது பதினாறு. எங்கள் பள்ளி மீன்பிடி அணியில் ஒரே பெண். நாளை கென்டக்கி ஏரியில் வட்டாரப் போட்டி. ஒரு படகுக்கு இரண்டு மாணவர்கள், கரைக்குக் கொண்டுவந்து எடை போட ஐந்து பாஸ் மீன்கள், படகை ஓட்ட ஒரு பெரியவர். அவர் தூண்டில் வீசக் கூடாது, அறிவுரை எவ்வளவு வேண்டுமானாலும் வீசலாம். எடையில் முந்தும் சில படகுகள் மட்டும் மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கேதான் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆள் பொறுக்க வருவார்கள். என் படகுக் கூட்டாளி ஹாலிஸ் க்ரௌச்சுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். நாளை கோட்டை விட்டால் அவனுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை.

கோட்டை விடப்போவது யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

2

முதல் தொடக்கம்:

"க்ளின்ட் ராடுகளைப் பார்த்தான். வேண்டியதை எடுத்தான். போனான்."

கதை முடிந்துபோயிற்று. நாயகனைப் பையனாக வைத்தால் இதுதான் தொல்லை. அவன் எதை எடுத்தாலும் அது வெறும் ராடு. நான் எடுத்தால்தான் அது பொம்பளை ராடு.

இரண்டாம் தொடக்கம்:

"ஏரியின் மேல் படிந்த பனி, காணாமல் போன ஒருவரின் மூச்சைப் போல—"

(வேண்டாம். யாரும் காணாமல் போகவில்லை. பனியும் இல்லை. வெளியே வெறும் காற்று, எங்கள் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டிருக்கிறது.)

மூன்றாம் தொடக்கம்:

"ப்ரையருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது."

இது எனக்குப் பிடித்திருந்தது. என் கதாநாயகி ப்ரையர் என்னைவிட உயரம். படகு முழு வேகத்தில் போகும்போதும் அவள் தலைமுடி வாய்க்குள் போகாது. ஓர் ஓரத்தில் நின்று, தண்ணீரில் மிதக்க வைக்கும் உயிர்க்கவசத்தின் கொக்கியைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கித் தண்ணீரைப் பார்ப்பாள். பார்த்தே—

(பார்த்தே என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே நின்றுவிட்டது.)

3

இந்த இடத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். (போகாதீர்கள். கடைசியில் தேவைப்படும்.)

பாஸ் பிடிக்க இரண்டு வகை ரீல். பேட்காஸ்டர் என்பது ராடின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும். வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழலும், அதற்குப் பிரேக் உங்கள் கட்டைவிரல். அழுத்திப் பிடிக்க வேண்டும், சரியான நொடியில் விட வேண்டும், இரை பறக்கையில் பட்டும் படாமலும் தடவ வேண்டும், அது தண்ணீரைத் தொட்டதும் மறுபடி அழுத்த வேண்டும். இதில் எங்கே பிசகினாலும் உருளை இரையைவிட வேகமாக ஓடி, நரம்பு பொங்கி வந்து குருவிக்கூடாகிவிடும். தடித்த நரம்பு, கனத்த இரை, பாசிக்குள் புதைந்த பெரிய மீன், இதற்கெல்லாம் பேட்காஸ்டர்தான்.

இன்னொன்று ஸ்பின்னிங் ரீல். ராடுக்கு அடியில் தொங்கும். உருளை சுழலாது, நரம்பு தானாக நழுவிப் போகும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. மெல்லிய நரம்பும் விரல் நீள ரப்பர் புழுவும் போதும். பால்வாடிக் குழந்தைகூட வீசிவிடும். அது செய்த குற்றம் அதுதான். எங்கள் அணியில் அதற்குப் பெயர் தேவதைக் கோல்.*

* நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு பவுண்டு இழுப்பில் அறுந்துவிடுவது எட்டு பவுண்டு நரம்பு. கண்ணாடி மாதிரி இருக்கும், தண்ணீருக்குள் மீன் கண்ணுக்கே தட்டுப்படாது. எங்கள் பையன்கள் யாரும் அதை பேட்காஸ்டரில் சுற்ற மாட்டார்கள். சுற்றினால் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து இறுகிவிடும். ஆகவே எங்கள் ஊரில் ஒருவர் கையில் எட்டு பவுண்டு நரம்பு இருந்தால், வீட்டில் தேவதைக் கோல் இருக்கிறது என்று அர்த்தம். வாங்கும்போது கடைக்காரரிடம் "தம்பிக்கு" என்றேன். எனக்குத் தம்பி கிடையாது.

4

இனி நடந்தது. இதில் கற்பனை இல்லை, இருந்திருந்தால் நான் இவ்வளவு அசடாக இருந்திருக்க மாட்டேன்.

ஹாலிஸின் பழைய கூட்டாளி, யாரோ ஒருத்தி பார்க்கிறாள் என்று படகு டிரெய்லரிலிருந்து குதித்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அணியில் ஒண்டியாக இருந்தது நான் ஒருத்திதான். மதியச் சாப்பாட்டு மேஜையில் ஹாலிஸ் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"ஏ ரட்லெஜ், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். பேட்காஸ்டர்தானே வீசுவே?"

"வேற எதை வீசுவாங்க?"

"இல்ல, பொண்ணுங்கன்னா..."

"பொண்ணுங்கன்னா?"

"சரி சரி, முறைக்காத. தேவதைக் கோல் மட்டும் எங்க படகுல ஏறக்கூடாது. எங்கப்பா படகு அது. ஊரே பாக்கும்."

"அதைத் தொட்டே ரெண்டு வருஷமாச்சு" என்றேன்.

அன்று காலைதான் அதை வைத்துக் குளத்தில் இரண்டு மீன் பிடித்துவிட்டு வந்திருந்தேன். கையில் வாடைகூடப் போகவில்லை.

பேட்காஸ்டர் எனக்கு வராது என்றில்லை. யாரும் இல்லாத கொல்லையில், துணி வாளிக்குள்ளேயே இரையைப் போடுவேன். ஆனால் யாராவது பார்த்தால் போதும், கட்டைவிரல் உறைந்துவிடும். உருளையை விட வேண்டிய நொடியில் விடாது. பிறகு பதறி விடும். அப்புறம் கூடுதான்.

பயிற்சி நாளன்று ஹாலிஸும் அவன் அப்பா ராய்ஸும் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது மட்டுமே வீசினேன். அவர்கள் திரும்பினால் உடனே குனிந்து முடிச்சுப் போடுவதுபோல நடித்தேன். மடியில் உயிர்க்கவசத்துக்கு அடியில் ஒரு கூடு இருந்தது. அதைத் தூண்டில் முள்ளால் ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, மறுபடியும் முடிச்சா?" என்றார் ராய்ஸ்.

"ஆமா சார். முடிச்சு சரியில்லன்னா மனசு கேக்காது சார்."

"டேய் ஹாலிஸ், பாருடா. இந்தப் பொண்ணு முடிச்சுப் போட்டே மீனை மயக்கிடும் போல."

"மீனு மயங்குதோ என்னவோ, எனக்கு மயக்கமா வருது. ரட்லெஜ், ஏரி அந்தப் பக்கம் இருக்கு."

நானும் சிரித்தேன். சிரிக்கும்போது முள் விரலில் ஏறியது. அப்போதும் சிரித்தேன்.

5

ப்ரையர் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவளைப் படகில் ஏற்றிப் பார்த்தேன். வீசினாள். போய் விழுந்தது. மறுபடி வீசினாள், மறுபடி சரியாக விழுந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பயமே இல்லாதவளுக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? ராடுகளுக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால், எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோல என்னையே திரும்பிப் பார்க்கிறாள்.

சரியென்று என் கட்டைவிரலை அவளுக்குக் கொடுத்தேன். கொடுத்ததுதான் தாமதம், உயரமெல்லாம் போய், முடி வாய்க்குள் போய், என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது இரண்டு பேரும் வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பங்கு போட்டால் பயம் பாதியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

6

இவ்வளவுக்கும் வானிலை சரியாக இருந்திருந்தால் நான் பேட்காஸ்டர்களைக் கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். நாளைக்கென்று பார்த்து வடக்கேயிருந்து குளிர் இறங்குகிறது. இப்போது அடிக்கும் காற்று அதுதான். விடிந்தால் காற்று நின்றிருக்கும். துடைத்து வைத்த நீல வானம், கண்ணாடி போலத் தண்ணீர். அப்படிப்பட்ட நாளில் பாஸ் எதையும் துரத்தாது. அடியில் ஒட்டிக்கொண்டு கோபித்த பிள்ளை மாதிரிக் கிடக்கும். அதன் மூக்கு நுனியில் சின்ன ரப்பர் புழுவை, கண்ணுக்குத் தெரியாத நரம்பில், மெல்ல மெல்ல ஆட்ட வேண்டும்.

அதாவது, நாளைக்கு ஏற்ற ராடு எது என்று எனக்குத் தெரியும். கதை எழுதுகிற இந்த நேரம் முழுவதும் தெரிந்தேதான் இருந்தது.

இதற்குள் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள்.

"என்னடி பேய் மாதிரி இங்க?"

"கதை எழுதறேன்மா."

"ராடெல்லாம் எடுத்து வச்சிட்டியா?"

"கதையில எடுத்து வச்சிட்டேன்."

"அப்ப மீனையும் கதையிலயே பிடிச்சுக்க, உனக்காக விடியக்காலம் எழுந்து பிஸ்கட் சுடற வேலை எனக்கு மிச்சம். ஆமா, இந்த மெஷினுக்குப் பின்னாடி என்ன செருகி வச்சிருக்க? துணி போடறப்பல்லாம் டொக்கு டொக்குன்னு செவுத்துல இடிக்குது. பேரிங் போயிடுச்சுன்னு ஆள் கூப்பிட இருந்தேன்."

"விளக்குமாறும்மா."

"ரீல் வச்ச விளக்குமாறா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். பழக்கதோஷம். நான் எழுந்து மறுபடி போட்டேன்.

7

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) ப்ரையர் பேட்காஸ்டர்களை மட்டும் எடுத்துப் போகிறாள். முதல் வீச்சிலேயே கூடு. படகில் யாரும் திட்டுவதில்லை, அதுதான் கொடுமை. ராய்ஸ் ஒரு சாண்ட்விச்சை நீட்டி, "சாப்பிடும்மா" என்கிறார். எடை மேடையில் ஹாலிஸ் காலிப் பையைத் தூக்கிக் காட்டுகிறான். கைதட்டுகிறார்கள். (மரியாதைக்குக் கைதட்டுவதைக் கேட்டிருக்கிறீர்களா? இதை முடிக்க என்னால்—)

(ஆ) ப்ரையர் தேவதைக் கோலோடு நிமிர்ந்து வருகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் வரிசையாக ஐந்து மீன் பிடித்துவிட்டு, "நண்பர்களே, கோலில் என்ன இருக்கிறது..." என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் பேசுகிறாள். (அடித்துவிட்டேன். மீன் பிடித்த கையோடு யாரும் பிரசங்கம் செய்வதில்லை. கையைத் துடைப்பார்கள்.)

(இ) ஹாலிஸ் படகின் ராடு பெட்டியைத் திறக்கிறான். அடியில், துண்டில் சுருட்டி, அவனும் ஒரு தேவதைக் கோல் ஒளித்து வைத்திருக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். சூரியன் உதிக்கிறது.

(இ)-யைக் கிழித்தே போட்டேன். இவ்வளவு சர்க்கரை உடம்புக்கு ஆகாது. வாழ்க்கையில் இப்படியெல்லாம் நடக்காது.

8

இப்போது என் போன் அதிர்ந்தது. ஹாலிஸ்.

"முழிச்சிருக்கியா? எட்டு பவுண்டு நரம்பு மிச்சம் வச்சிருக்கியா? எதுக்குன்னு கேக்காத."

மூன்றாம் பகுதியின் அடிக்குறிப்பை நீங்கள் தாண்டிப் போயிருந்தால் தயவுசெய்து திரும்பிப் போங்கள். நான் இங்கேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

படித்தாயிற்றா? சரி.

முதலில் வந்தது எரிச்சல். கிழித்துப் போட்ட முடிவை எடுத்து ஒட்டி எனக்கே அனுப்ப இவன் யார்? இரண்டாவதாக வந்தது பயம். இது வலையாக இருந்தால்? அணிப் பையன்கள் நாலு பேர் அவன் போனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நான் "இருக்கு" என்று அனுப்பியதும் விழுந்து சிரிக்கக் காத்திருந்தால்? "இருக்கு" என்றால் கோலும் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருஷம் தொடவில்லை என்றது பொய் என்று அர்த்தம். நாளை முழுவதும் அந்தப் படகில், அந்தச் சிரிப்போடு, இறங்கிப் போக இடமில்லாமல்.

"இல்லை" என்று அனுப்பலாம். அப்போது வலையும் இல்லை, அவமானமும் இல்லை. அவன் நிஜமாகவே கேட்டிருந்தால் மட்டும், கண்ணாடித் தண்ணீரில் இரண்டு பேரும் தடித்த நரம்பை வீசிக்கொண்டு, அவனுடைய கடைசி வருடத்தை ஒன்றாகச் சேர்ந்து வழியனுப்புவோம்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லாத."

கதை எழுதுகிறவளாக இந்த வரியைப் பார்க்கிறேன். கிண்டல் செய்கிறவனுக்கு இந்த வரி தோன்றாது. அல்லது கிண்டலில் கைதேர்ந்தவனுக்குத்தான் தோன்றும். ஹாலிஸ் அவ்வளவு கைதேர்ந்தவனா? சாப்பாட்டு மேஜையில் அவன் பேசியதை மறுபடி படித்தேன். "ஊரே பாக்கும்" என்றிருக்கிறான். நான் எழுதியதுதான், இதுவரை காதில் விழவில்லை.

கையை விட்டு மெஷினுக்குப் பின்னாலிருந்து கோலை உருவி எடுத்துவிட்டேன். சுவரில் டொக்கென்றது. இப்போது என் மடியில் கிடக்கிறது. நுனியில் எட்டு பவுண்டு நரம்பு, விளக்கு வெளிச்சத்தைத் தாண்டினால் தெரியவே இல்லை. கட்டிலுக்கு அடியில் முக்கால் சுருள் மிச்சம் இருக்கிறது. இரண்டு பேருக்குத் தாராளம்.

போனில் "இருக்கு" என்று எழுதியும் விட்டேன். அனுப்பும் அம்புக்குறியின் மேல் கட்டைவிரல் நிற்கிறது. நிற்கிறது என்றால், உறைந்துவிட்டது. கொல்லையில் தனியாக இருந்தால் இந்த விரலுக்கு இது ஒரு வேலையே இல்லை. யாராவது பார்த்தால்தான் இப்படி.

ப்ரையரைத் தரையிலிருந்து எழுப்பித் தூங்க அனுப்பிவிட்டேன். அம்மா போயாயிற்று. இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான்.

முடிவு வேண்டுமென்றுதானே இவ்வளவு தூரம் வந்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இருக்கும்வரை அது நடக்காது. தயவுசெய்து, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.