தாசில்தாரின் கிண்ணம்

இரண்டாவது பூனை வந்த அன்று படுக்கையறை ஓர் அடி தள்ளிப் போனது. பிரம்மசக்திக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரு பூனை இருக்கும் வீட்டுக்குள் இன்னொன்று நுழைந்தால் அப்படித்தான். எதிர்வீட்டில் இரண்டாவது பூனை வந்தபோது அவர்கள் குளியலறை நாலு தெரு தள்ளிப் போய்விட்டது. குளிக்கப் போனவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோனார்கள்.

முதல் பூனையின் பெயர் தாசில்தார். எதற்கும் ஆளைக் காக்க வைப்பார் என்பதால் வைத்த பெயர். பல வருடமாக வீடு அவர் பொறுப்பில்தான் இருந்தது. பிரம்மசக்தியும் அவள் கணவர் வெயிலுமுத்துவும் அவர் தயவில் ஒண்டிக்குடித்தனம் செய்தார்கள். அவரைப் பற்றிப் பேசினால் இருவருக்கும் மரியாதை தானாக வந்துவிடும்.

இரண்டாவது பூனை ஒரு குட்டி. வெயிலுமுத்துவின் ஸ்கூட்டர் பெட்டிக்குள் ரெயின்கோட்டின் மேல் தூங்கிக்கொண்டு வந்தது. புதுப் பூனையைத் தனி அறையில் வைத்துத்தான் பழக்க வேண்டும், ஆளுக்கொரு பூனைக்குத் துணை இருக்க வேண்டும் என்பது ஊரறிந்த முறை. குட்டியோடு படுக்கையறைக்கு வெயிலுமுத்து போனார். தாசில்தாரோடு ஹாலில் பிரம்மசக்தி இருந்தாள். ரெண்டு நாள் கூத்துதானே என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள்.

தாசில்தார் உறுமினார். அவர் உறுமும் ஒவ்வொரு தடவையும் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த நடைவழி நீண்டது. மறுநாள் அதற்கு ஒரு டியூப் லைட் போதவில்லை. அதற்கடுத்த நாள் அதில் டவுன் பஸ் விட்டார்கள்.

கண்டக்டர் பெயர் சேர்மத்துரை. நல்ல மனிதர். ஹாலில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்த ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தி, பிரம்மசக்தியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் விசில் ஊதுவார். பஸ்ஸில் எப்போதும் கூட்டம் இருந்தது. இவ்வளவு பேரும் எங்கே போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரவர் வீட்டில் அவரவருக்கு ஆயிரம் இருக்கும்.

வெயிலுமுத்துவுக்கு ஒரு பழக்கம். மூன்று வேளையும் "சாப்ட்டியா?" என்று கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறார். அதற்கு அவள் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. இப்போது அந்தக் கேள்வி நடைவழியைக் கடந்து வர நேரம் பிடித்தது. காலையில் கேட்டது மதியம் வந்தது. மதியம் கேட்டது விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது, அதுவும் பாதிதான் வந்தது. பிரம்மசக்தி தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, கேள்வி வந்து சேர்ந்த பிறகே சாப்பிட்டாள். அவர் இல்லாமல் அவளுக்கு வீடு வெறிச்சென்று இருந்தது.

ஒரு நாள் காலையில் சேர்மத்துரை தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"யக்கா, ஒரு சேதி. இப்படியே போச்சுன்னா இன்னைக்குப் பொழுது சாயுததுக்குள்ள உங்க பெட்ரூம் ஜில்லாவைத் தாண்டிரும்."

"தாண்டுனா?"

"தாண்டுனா அண்ணாச்சி விருந்தாளி ஆயிருவாவ. எப்பமாவது வருவாவ. காப்பி குடுத்து அனுப்பிரணும்."

"காப்பி குடிச்சுட்டு இங்கனயே இருந்துக்கிட்டா?"

"விருந்தாளி எங்கயாச்சும் இருப்பாவளா யக்கா?"



மதியம் தாசில்தாரே இறங்கி வந்தார். பெயர் பொறித்த தன் எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு நெத்திலிக் கருவாட்டை மிச்சம் வைத்தார். கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து நடைவழி வாசலில் விட்டார். பிறகு தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாதவர் போல ஜன்னலைப் பார்த்தார். பிரம்மசக்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிண்ணத்தை ஒரு தட்டால் மூடிக் குட்டிக்குப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த பஸ்ஸில் கிண்ணம் திரும்பி வந்தது. பளபளவென்று கழுவி, துடைத்து, வெறுமனே வந்தது.

தாசில்தார் உள்ளே எட்டிப் பார்த்தார். உறுமவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நடைவழி சத்தமில்லாமல் ஓட்டமாக நீண்டது. தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது, அதற்கும் அப்பால் ஒரு பனங்காடு தெரிந்தது.

பிரம்மசக்தி தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டிலிருந்து கொஞ்சம் ரசம் வந்தால்கூட அந்தப் பாத்திரத்தை யாராவது சும்மா திருப்பிக் கொடுப்பார்களா? ஒரு வாழைப்பழமாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தானே கொடுப்பார்கள். இந்த மனுஷருக்குச் சுத்தம் ஒன்றுதான் தெரியும். அவள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினாள்.

"டிரைவர் டீ குடிக்கிற வரைக்கும்தான் அங்க நிக்கும்," என்றார் சேர்மத்துரை.

படுக்கையறை பனங்காட்டுக்கு நடுவே இருந்தது. வெயிலுமுத்து தாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"சாப்ட்டியா?"

கேட்டது கேட்டவுடனே அவள் காதில் விழுந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது கெடக்கட்டும். கிண்ணத்தைச் சும்மாவா அனுப்புனிய?"

"கழுவித்தான அனுப்புனேன்."

"கழுவுனா ஆச்சா? உங்க அம்மை அப்படித்தான் அனுப்புவாவளா?"

வெயிலுமுத்துவின் முகம் வாடிவிட்டது. "இங்கன குடுக்க என்ன இருக்கு? ரெண்டு தலகாணிதான் கெடக்கு."

கட்டிலுக்கு அடியிலிருந்து குட்டி வந்தது. அதன் வாயில் ஒரு சோடா மூடி இருந்தது. வந்த நாளிலிருந்து அதை யாரிடமும் கொடுக்கவில்லையாம். தூங்குவதும் அதன் மேல்தானாம். குட்டி மூடியைக் கிண்ணத்துக்குள் போட்டது. யோசித்தது. திரும்ப எடுத்துக்கொண்டது. கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் போட்டது. இந்தத் தடவை திரும்பிப் பார்க்காமல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

பஸ் ஹாரன் அடித்தது.

"நீயும் இங்கனயே இருந்துரேன்," என்றார் வெயிலுமுத்து. மெதுவாகத்தான் சொன்னார்.

அவளுக்கும் ஆசைதான். "அங்கன தாசில்தாருக்கு யாரு இருக்கா?" என்றாள்.

அவள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். வழியில் இரண்டு பேர் ஜில்லா எல்லைப் பலகை நடுவதற்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவளுக்குக் கையாட்டினார்.

ஹாலில் தாசில்தார் கிண்ணத்தை முகர்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவர் ஒரு காலை உள்ளே விட்டு மூடியைத் தட்டினார். மூடி துள்ளி வெளியே விழுந்து உருண்டது. தாசில்தார் அதைத் துரத்தினார்.

அவர் எதையும் துரத்தி அவள் பார்த்ததே இல்லை. மூடி நடைவழிக்குள் உருண்டது. அவர் பாய்ந்த பாய்ச்சலுக்கு நடைவழி மடமடவென்று சுருங்கியது. பனங்காடு போனது, பெட்ரோல் பங்க் போனது. படுக்கையறை டொக்கென்று வந்து பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டது. கதவு திறந்தது. மூடி குட்டியின் காலடியில் போய் நின்றது. குட்டி ஒரு தட்டுத் தட்டி அதை அவருக்கே திருப்பி அனுப்பியது.

பஸ் மட்டும் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பயணிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையை மிதிக்காமல் நாசூக்காக இறங்கிப் போனார்கள்.

"சாப்ட்டியா?" என்றார் வெயிலுமுத்து.

"இல்ல," என்றாள் பிரம்மசக்தி. "வாங்க, சேந்து சாப்புடுவோம்."

சேர்மத்துரையும் உட்கார்ந்து சாப்பிட்டார். புளிக்குழம்பு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்று பிரம்மசக்தி ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். பஸ்ஸை பால்கனி வழியாக ரிவர்ஸ் எடுத்தார்கள்.

மறுநாள் காலை தூக்குச்சட்டி வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. தூக்கினால் கனமாக இருந்தது. சேர்மத்துரை முறை தெரிந்தவர். உள்ளே ஏதோ நகர்ந்தது. மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. தாசில்தாரும் குட்டியும் சோடா மூடியை விட்டுவிட்டு ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள். வெயிலுமுத்து தோசை ஊற்றிக்கொண்டிருந்த சமையலறை ஓர் அடி தள்ளிப் போனது.

பிரம்மசக்தி ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்கு அப்புறம்தான் சட்டியின் மூடியைத் திறந்தாள்.